ஹாரன் சத்தமே கேட்காத சாலை!

"ஓரமாப் போ... ஓரமாப் போ... பின்னாடி லாரி வருது பாரு!"

சைக்கிள் ஓட்டும் பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு இப்படிக் கத்தாத தாய் உண்டா? நம் ஊரில் மட்டுமில்லை, பிரான்ஸிலும் இதே கூச்சல்தான். பாஷைதான் வேறு. ஆனால் அதே பிரான்ஸில், கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவும் நுழையக்கூடாது என்று தடுத்து, கிராமங்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே பல மைல் நீளத்துக்குத் தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். சைக்கிளில் போகலாம், நடக்கலாம், குதிரையில்கூடப் போகலாம். 'வுவா வெர்த்' என்று பெயர். பச்சை வழி என்று அர்த்தம். அதில் ஒன்றில் நான்கு நாள் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தேன். என் வயது ஐம்பத்து நாலு என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

ஊர் சுற்றும் ஆசையில் போனதல்ல. என் மகள் லியோன் நகரத்தில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது, திருப்பத்தில் ஒரு கார் இடித்து, கை எலும்பு முறிந்தது. கை கூடிவிட்டது. பயம் கூடவே தங்கிவிட்டது. சைக்கிள் நிலவறையில் தூசி படிந்து கிடந்தது. அதோடு போனால் பரவாயில்லை. ஏழு வயதுப் பேரன் பூங்காவுக்குள் சுற்றிச்சுற்றி ஓட்டுவதோடு சரி. வெளியே எடுத்தால் அவளுக்கு முகம் வெளுத்துவிடும். கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் ஓட்ட, இவன் மட்டும், "எனக்கு வேணாம் அம்மாச்சி, கார் இடிச்சிடும்" என்று சொல்ல ஆரம்பித்தான். அதைக் கேட்டதும் எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

மாப்பிள்ளைதான் சொன்னார்: "காரே இல்லாத ரோட்டுல போய்ப் பார்க்கலாம் அத்தை. நீங்களும் வந்தா அவ மறுக்க மாட்டா."

அப்படித்தான் ஒரு ஜூன் மாதத்தில் ரயிலில் பர்கண்டிப் பகுதியில் இருக்கும் ஷலோன் போய் இறங்கி, அங்கிருந்து கிளம்பினோம். சுமார் பத்து கிலோமீட்டரில் ஜிவ்ரி என்ற ஊர். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். பிரான்ஸின் முதல் பச்சை வழி இதுதான்; 1997-ல் திறந்தார்கள். க்ளூனியைத் தாண்டியும் பாதை மாக்கோன் பக்கம் போகிறது.

இது ஒரு காலத்தில் ரயில் பாதை. கார்கள் பெருகி, கிளை ரயில்களில் கூட்டம் குறைந்து, ஒவ்வொன்றாக நின்றுபோயின. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். இதில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன லாபம் என்கிறீர்களா? ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதற்காக மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, வளைவையெல்லாம் நீட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் குன்றுகள் இருக்க, நாம் மட்டும் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்! என் முழங்கால் ஒரு முனகல்கூட முனகவில்லை.

வழியில் பாதை கிராமச் சாலைகளைக் கடக்கும் இடங்களில் சின்னச் சின்ன வீடுகள் நிற்கின்றன. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், பின்னால் கொஞ்சம் காய்கறித் தோட்டம். ரயில்வே கேட் காப்பவர்களின் வீடுகள் அவை. பிரான்ஸில் அந்த வேலையைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான். கணவன் தண்டவாளம் பழுதுபார்க்கப் போவான். மனைவி கேட்டைத் திறந்து மூட வேண்டும். குடியிருக்க வீடு கிடைக்கும். சம்பளம் என்னவோ கொசுறுதான். அடுப்பில் பாத்திரம், தொட்டிலில் குழந்தை, காது மட்டும் ரயில் சத்தத்தில்! ராத்திரி வண்டி வந்தால் ராத்திரியும் எழுந்திருக்க வேண்டும். கால்வாய்களில் மதகு திறந்துவிடுவதும் பல இடங்களில் பெண்கள்தான். இன்னும் முன்னால் போனால், குதிரைக்கு வழியில்லாத படகுக் குடும்பங்களில் மனைவியும் பிள்ளைகளும் மார்பில் வார் மாட்டிக்கொண்டு, சரக்குப் படகைக் கரையிலிருந்து இழுத்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் அது நடந்தது. அவர்கள் இழுத்து நடந்த கரைகளில் பலவும் இன்று சைக்கிள் பாதைதான். அந்த வீடுகளில் ஒன்றின் நிழலில் உட்கார்ந்து பீச் பழம் தின்றபோது, எனக்கு அந்தப் பெண்களின் நினைப்பாகவே இருந்தது.

சரி, என் மகள் கதைக்கு வருகிறேன். முதல் நாள் முழுக்க, "மெதுவா! பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். எதிரே வருவது நாய்க்குட்டியோடு நடக்கும் ஒரு தாத்தா! இரண்டாம் நாள் புஸி ஊரைத் தாண்டியதும் கத்தல் பாதியாயிற்று. வெள்ளை வெளேரென்று ஷரோலே மாடுகள் வேலிக்கு அந்தப் பக்கம் மேய, பேரன் ஒவ்வொரு மாட்டுக்கும் மணியடித்து, "போன்ஜூர்" சொல்லிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் கொர்மத்தேன் அருகே, முன்னால் போனவன் வளைவில் திரும்பி மறைந்தே போனான். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கூப்பிடவில்லை. மிதித்துக்கொண்டே என்னிடம் ஏதோ சமையல் விஷயம் பேசிக்கொண்டு வந்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லிக் கெடுப்பானேன்?

சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். அங்கே தடுப்புக் கட்டை வைத்திருப்பார்கள். இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் 2017 முதல் ஹெல்மெட் கட்டாயம். பின்னால் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும்தான்.

க்ளூனியில் 910-ல் தொடங்கிய மடம் ஒன்று. ரோமில் இன்றைய புனித பேதுரு ஆலயம் எழும்பும் வரை, கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய கோயில் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள்! மிச்சம் இருப்பதைப் பார்க்கவே கழுத்து வலிக்கிறது.

அதைத் தாண்டி 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய ரயில் குகை. உள்ளே விளக்கு உண்டு. வெளியே வியர்த்துக் கொட்ட, உள்ளே பல் கிட்டுகிறது. ஸ்வெட்டரைப் பைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் இந்தக் குகையை மூடிவிடுவார்கள். எதற்குத் தெரியுமா? வௌவால்கள் உறங்க! அந்த மாதங்களில் வருகிறவர்கள் குன்றேறித்தான் போக வேண்டும்.

சாப்பாடு விஷயம்: கிராமத்துக் கடைகள் மத்தியானம் மூடிவிடும், ஞாயிறு பிற்பகல், திங்கள் பல ஊர்களில் கதவே திறக்காது. காலையிலேயே ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் நன்றாக இருக்கும். ஆனால் பல சீஸ்களில் பால் திரிய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள். சுத்த சைவக்காரர்கள் கேட்டு வாங்குவது நல்லது. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய்தான் கைகொடுக்கும். முகம் சுளிக்காதீர்கள்! 'குடிக்கத் தகாதது' என்று பலகை இல்லையா என்று மட்டும் பார்த்துப் பிடியுங்கள்.

இனி உடம்பைப் பற்றிக் கொஞ்சம். சீட்டைத் தாழ்த்தி வைப்பதுதான் முழங்கால் வலிக்கு முக்கியக் காரணம். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். கியரை இலேசாக வைத்து, அழுத்தி மிதிக்காமல் சுற்றிச் சுற்றி மிதித்தால் போதும். தையல் உறுத்தாத உள்ளாடை, பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை, மேலே தளர்வான குர்தா என்று போட்டுக்கொண்டேன். பிள்ளையோடு போனால் ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போதும். முடியாதவர்களுக்கு பாட்டரி சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கிறது.

லியோன் நகரத் தெருவில் என் மகள் இன்னும் சைக்கிளை எடுப்பதில்லை. விடுமுறை நாட்களில் ரயிலில் ஏற்றிக்கொண்டு இப்படிப்பட்ட பாதைகளுக்குப் போகிறார்கள். பேரன்தான் அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறானாம்.

அவன் கேட்பது தெற்கே இருக்கும் மிதி கால்வாய். பியேர் போல் ரிக்கே என்பவர் 1666-ல் தொடங்கியது, 240 கிலோமீட்டர். துலூஸ் நகரப் பக்கம் பாதை வழவழப்பு. கிழக்கே போகப்போகப் பல இடங்களில் மண்ணும் மரவேரும் தூக்கிப் போடும். கரையில் நிழல் தந்த பிளேன் மரங்களில் 2006-ல் ஒரு பூஞ்சை நோய் கண்டு, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். புதுக் கன்றுகள் வளர்ந்து வருகின்றன. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கால்வாய்க் கரையில் கைப்பிடிச் சுவர் கிடையாது. நீந்தத் தெரியாத பிள்ளையை அங்கே முன்னால் விட முடியாது. லுவார் நதியோரம் சுமார் 900 கிலோமீட்டர் பாதையும் இருக்கிறது. அரண்மனை அரண்மனையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் இடையிடையே கார் போகும் கிராமச் சாலைகளும் வரும். "அவன் முதல்ல நீச்சல் கத்துக்கட்டும், அப்புறம் கால்வாய்க்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். போன வாரம் நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது.