சின்னப்பரும் பவுலும்

தமிழ் உரைநடை வளர்ந்த கதையிலே கண்டன நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. சைவரும் கிறிஸ்தவரும் வாதிட்டதை நாம் நன்கறிவோம். அதற்கும் முன்னரே கிறிஸ்தவர்கள் தமக்குள் தமிழில் வாதிட்டுக்கொண்டதைப் பலர் அறியார்.

1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் போதகர் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1715 இல் அது அச்சேறி முடிந்தது. அவருக்குச் சில ஆண்டுகள் பின்னே வந்தவர் இயேசு சபைத் துறவியாகிய வீரமாமுனிவர். தேம்பாவணியைப் பாடிய அவரே, லுத்தரன் சபையாரைக் கண்டித்து 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' முதலிய நூல்களையும் எழுதினார். கொள்கையோடு நில்லாது, அவர்களுடைய தமிழையும் எள்ளினார். மறுதரப்பாரும் வாளாவிருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பிலே இந்த எள்ளலைச் சற்றுச் சுவைகூட்டிப் படிப்பித்தேன். வகுப்புச் சிரித்தது. ஒரு மாணவன் மட்டும் தலைகுனிந்திருந்தான். பாடம் முடிந்ததும் என்னிடம் வந்தான்.

"சேர், எங்கடை வேதப்புத்தகத்தின்ரை தமிழ் அவ்வளவு மோசமோ?"

அவன் புரட்டஸ்தாந்து வீட்டுப் பிள்ளை. எத்தரப்பையும் சேராத சைவன் நான். ஆயினும் ஒரு தரப்பின் ஏளனத்தை மட்டும் வகுப்பிலே பரிமாறிவிட்டேன். மறுநாள் அதை ஒப்புக்கொண்டு, சொல்லாமல் விட்ட மிகுதியையும் சொன்னேன். அதுவே இன்றைய என் பேச்சு.

சபைகள் பிரிந்தபோது சொற்களும் பிரிந்தன. கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றனர். மற்றவர்கள் 'பராபரன்' என்றும், பின்னர் 'தேவன்' என்றும் கூறினர். ஒருவர்க்குச் 'சேசு', மற்றவர்க்கு 'இயேசு'. ஒரே அடியார் ஓரிடத்தில் சின்னப்பர், வேறோரிடத்தில் பவுல். இராயப்பரே பேதுரு, அருளப்பரே யோவான். ஒரே நூலை இரண்டு நூல்கள்போலத் தமிழர் படித்துவந்தனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் வெளியிட்ட ஏடொன்று, பிரிந்த சகோதரரோடு சேர்ந்து வேதநூலை மொழிபெயர்க்க இடமளித்தது. 1968 இல் அதற்கான நெறிகள் வகுக்கப்பட்டன. தமிழகத்திலும் இருதரப்பு அறிஞரும் கூடி உழைத்தனர். 1995 இல் 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

அதனைப் புரட்டிப் பார்த்தால், யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது விளங்கும். சின்னப்பர், இராயப்பர், அருளப்பர் என்ற அழகிய தமிழ்ப் பெயர்களைக் கத்தோலிக்கர் விட்டனர். மற்றவர்கள் நாவிற் பழகிய 'தேவன்', 'பரிசுத்த ஆவி' என்பவற்றின் இடத்தில் 'கடவுள்', 'தூய ஆவி' வந்தன.

விட்டுக்கொடுக்க இயலாததும் ஒன்றிருந்தது. பழைய ஏற்பாட்டு நூல்கள் கத்தோலிக்கருக்கு 46, புரட்டஸ்தாந்தருக்கு 39. இது நம்பிக்கை பற்றியது. பேரம் பேசத் தக்கதன்று. எவரும் தம் கணக்கை மாற்றவில்லை. மேலதிகமானவற்றை 'இணைத் திருமுறை' எனத் தனிப்பகுதியாக, இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்தனர். வேற்றுமையை மறைக்கவுமில்லை, அதன்பொருட்டு இடைநடுவில் எழுந்து போகவுமில்லை.

இதனால் யாவும் தீர்ந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. புரட்டஸ்தாந்து ஆலயங்கள் பலவற்றில் இன்றும் பழைய மொழிபெயர்ப்பே ஒலிக்கின்றது. அதிலே குறைகாண எனக்கு மனம் வரவில்லை. தேவாரத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாடச் சொன்னால் நாம் இசைவோமா? செபித்துப் பழகிய சொல் எவருக்கும் வெறுஞ்சொல் அன்று.

அந்த வாரமே அம்மாணவன் தன் வீட்டுப் பழைய வேதப்புத்தகத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தான். கத்தோலிக்க மாணவனொருவன் தன் பாட்டியின் புத்தகத்தைக் கொண்டுவந்தான். இருவரும் ஒரே வாங்கில் இருந்து, சின்னப்பரும் பவுலும் எழுதிய கடிதங்களை வரிக்குவரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தனர். நான் குறுக்கிடவில்லை.

வீரமாமுனிவரின் கண்டனத்தை இப்போதும் படிப்பிக்கின்றேன். அதே பாடவேளையில் 'இணைத் திருமுறை'ப் பகுதியையும் விரித்துக் காட்டுகின்றேன்.