கண்டறிந்ததைப் பகிர்தல்: பெர்முடா நெறிகள் உணர்த்துவது

ஆய்வு நிறுவனமொன்றின் கடமை உண்மையைக் கண்டறிவதோடு நிறைவு பெறுவதில்லை. கண்டறிந்ததை எப்போது, யாருக்கு, எந்த நிபந்தனையின்பேரில் வெளியிடுவது என்பதைப் பொறுத்தே அவ்வறிவு அனைவருக்கும் உரியதாகிறது. அல்லது சிலரது உடைமையாகச் சுருங்குகிறது. மனித மரபணுத் தொகுதி பற்றிய ஆய்வின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆய்வாளர் தாம் திரட்டிய தரவுகளைத் தம்மிடமே வைத்திருந்து, முடிவுகளைக் கட்டுரையாக்கி, பிற அறிஞர்களின் மதிப்பீட்டிற்குப் பின் ஆய்விதழில் வெளியிடுவதே அறிவியலுலகின் நெடுநாள் வழக்கம். பிழைகளைக் களையவும் முதலில் கண்டவருக்குரிய பெருமையைக் காக்கவும் இம்முறை உதவுகிறது. ஆயினும் அதுவரை தரவுகள் பிறருக்குப் பயன்படாமலே இருக்கும்.

1990இல் தொடங்கிய மனித மரபணுத் திட்டம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட நூலொன்றைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் பகுதி பகுதியாகப் படிப்பதைப் போன்றது. ஒருவர் படித்ததை மற்றவர் அறியாவிடில் உழைப்பு வீணாகும். எனவே 1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய அறிஞர்கள், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் வாட்டர்ஸ்டன் ஆகியோரின் முயற்சியால், புதிய நெறிகளை வகுத்தனர். 1000 எழுத்துகளுக்கு மேல் கோக்கப்பட்ட வரிசைகளை, இயன்றவரை 24 மணி நேரத்திற்குள், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

1998இல் தோன்றிய செலெரா என்னும் தனியார் நிறுவனம் மாற்று வழியை மேற்கொண்டது. பொதுத் தரவுகளைத் தானும் பயன்படுத்திக்கொண்ட அந்நிறுவனம், தன் தரவுகளைக் கட்டணத்திற்கும் நிபந்தனைகளுக்கும் உட்படுத்தியது. 2001 பிப்ரவரியில் இரு தரப்பினரின் வரைவுகளும் ஆய்விதழ்களில் வெளிவந்தன. செலெராவின் கட்டுப்பாட்டில் சில காலம் இருந்த மரபணுக்களைப் பற்றிப் பொருளியலறிஞர் ஹைடி வில்லியம்ஸ் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றின்மீதான பின்னைய ஆய்வுகளும் பயன்பாடுகளும் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருந்ததைக் காட்டியது. கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் அதன் விளைவு நீடித்தது என்பது கருதத்தக்கது.

உடனடிப் பகிர்விலும் இடர் உண்டு. அரும்பாடுபட்டுத் தரவு திரட்டியவரை முந்திக்கொண்டு பிறர் கட்டுரை எழுதிவிடக்கூடும். இக்குறையை நீக்க, 2003இல் ஃபோர்ட் லாடர்டேலில் கூடியோர் பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தனர். தரவு தருவோர் தம் ஆய்வுத் திட்டத்தை முன்னரே அறிவிக்க வேண்டும். பயன்படுத்துவோர் மூலத்தைக் குறிப்பிட்டு, தரவு தந்தோரின் உரிமையை மதிக்க வேண்டும். நிதி வழங்குவோர் இப்பணிக்குத் துணைநிற்க வேண்டும்.

பகிர்வின் பயனை 2020ஆம் ஆண்டு உலகிற்கு உணர்த்தியது. சீன அறிஞர் சாங் யோங்ஜென்னின் குழு ஜனவரி 5ஆம் நாள் கண்டறிந்த புதிய கொரோனா நச்சுயிரியின் மரபணு வரிசை, ஜனவரி 11ஆம் நாள் பொதுவில் வெளியிடப்பட்டது. அதைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட தடுப்பூசியொன்று மார்ச் 16ஆம் நாளே மனிதரிடம் சோதிக்கப்பட்டது. வரிசை வெளிவந்த இரண்டே மாதங்களில் தடுப்பூசி சோதனைக்கு வந்தது பெருஞ்சாதனை. எனினும் அவ்வரிசை வெளிவராதிருந்த ஆறு நாள்களையும் நாம் கணக்கிற்கொள்ள வேண்டும். பெருந்தொற்று வேளையில் தாமதத்தின் விலையைச் செலுத்துவோர் ஆய்வாளர்கள் அல்லர், நோயாளிகளே.