உழவு இயந்திரச் சில்லுகளைப் பேணும் முறை

மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளை, கலேவெலை, நாவுல முதலிய பகுதிகளின் கமக்காரர் இரு சில்லு உழவு இயந்திரத்தை வயலை உழுவதற்கு மாத்திரமன்றி, மரக்கறி ஏற்றிச் செல்வதற்கும் பயன்படுத்துகின்றனர். அறுவடைக் காலத்திற் சில்லொன்று பழுதடையின் மரக்கறி வழியிலேயே வாடி நட்டம் ஏற்படும்.

காற்றிறங்கிய ரயருடன் இயந்திரத்தைச் சிறிது தூரமேனும் ஓட்டலாகாது. ஓட்டின், பாரம் முழுவதும் றிம் எனப்படும் இரும்பு வளையத்தின் விளிம்பிற் பொறுக்கும். ரயரின் பக்கம் நசுங்கும், ரியூப் அறுபடும், விளிம்பு கல்லில் மோதி வளையும். ஒட்டுப் போடுவதுடன் தீரவேண்டிய செலவு பன்மடங்காகும்.

ரயரைக் கழற்றிப் பூட்டும் முறை வருமாறு:

1. பாரத்தை இறக்கி, இயந்திரத்தை உறுதியான தரையில் நிறுத்தி முட்டுக் கொடுக்க.

2. வால்வின் உட்பகுதியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றுக. இவ்வியந்திரங்கள் பலவற்றில் றிம் இரு பாதிகளாயமைந்து மரையாணிகளாற் பிணைக்கப்பட்டிருக்கும். காற்றிருக்கையில் இவ்வாணிகளைத் தளர்த்தினால் பாதிகள் விசையுடன் பிரிந்து உயிராபத்தை விளைக்கும்.

3. ரியூபிற் சிறிது காற்றடித்து நீரில் அமிழ்த்தி, குமிழி எழும் இடத்தைக் குறித்து ஒட்டுக.

4. ரயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து முள், ஆணி ஆகியவற்றை அகற்றுக. அவை இருப்பின் ரியூப் மீண்டும் துளைபடும்.

5. றிம்மின் துருவைச் சுரண்டி வர்ணம் பூசுக. வெடிப்புக் காணப்படின் புதியதை மாற்றுக. ரயர் பூட்டியிருக்கையில் றிம்மைப் பற்றவைத்தலாகாது. வெப்பத்தால் ரயர் வெடிக்கக்கூடும்.

6. பிணைப்பாணிகள் யாவற்றையும் இறுக்கிய பின்னரே காற்றடிக்க.

சேறும் பசளையும் றிம்மைத் துருப்பிடிக்கச் செய்வன. ஆதலால் வேலை முடிந்த அன்றே சில்லுகளைக் கழுவுக. காற்றுக் குறைந்த ரயர் றிம்மில் வழுக்கி வால்வை அறுக்கும். எனவே நாள்தோறும் வேலைக்கு முன்னர், இயந்திரத்தின் கைந்நூலிற் கூறிய அளவிற்குக் காற்று உளதா எனப் பார்த்தல் நன்று.