நிலத்தடி நீரில் குளோரின் கரைப்பான்களும் நுண்ணுயிர்களும்

பெங்களூரில் காக்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு இறக்குவோர், முதலில் செம்மண்ணையும், பின்னர்ச் சிதைந்த பாறையையும், அதன்கீழ்க் கெட்டியான நைஸ் பாறையையும் காண்பர். அப்பாறையின் வெடிப்புகளில்தான் நீர் ஓடுகிறது. இத்தகைய நிலத்தில், உலர்சலவைக்கும் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவதற்கும் பயன்படும் குளோரின் கரைப்பான் சிந்தினால் நிகழ்வது யாது? டெட்ராகுளோரோ எதிலீன் நீரைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு கனமானது. ஆதலின் அது மண்ணெண்ணெய்போல் மிதவாது. வெடிப்புகளின் வழியே அடிவரை இறங்கித் தங்கி, பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும்.

இதனைச் சிதைக்கவல்ல நுண்ணுயிர்கள் உண்டு. பிராணவாயு இல்லாத இடத்தில் சில பாக்டீரியங்கள், பிராணவாயுவுக்குப் பதிலாக இக்கரைப்பானையே சுவாசத்திற்குப் பயன்படுத்துகின்றன எனலாம். அவை ஒவ்வொரு குளோரின் அணுவாக நீக்கி, அவ்விடத்தில் ஹைட்ரஜனை அமர்த்துகின்றன. நான்கு குளோரின் அணுக்கள் கொண்ட டெட்ராகுளோரோ எதிலீன், மூன்று கொண்ட டிரைகுளோரோ எதிலீனாகிறது. பின்னர் இரண்டு கொண்ட டைகுளோரோ எதிலீனாகவும், ஒன்றே கொண்ட வினைல் குளோரைடாகவும், இறுதியில் குளோரினே அற்ற எதிலீனாகவும் மாறுகிறது. காய்களைப் பழுக்கச் செய்யும் வாயுவே இந்த எதிலீன். முதற்படி முதல் இறுதிப்படி வரை தனியே கடக்கும் பாக்டீரியம் ஒன்றை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1997-இல் அறிவித்தனர். அது கிடைத்தது கழிவுநீர் நிலையத்துச் சகதியிலிருந்து! டிஹாலோகாக்காய்டிஸ் என்னும் இவ்வினத்திற்கு வேண்டிய ஹைட்ரஜன், மொலாசஸ் போன்ற பொருளை நிலத்தடியில் செலுத்தி, அது புளிப்பதனால் கிடைக்கிறது.

இங்கே ஓர் இடர் உண்டு. முதலிரண்டு படிகளைப் பலவகைப் பாக்டீரியங்கள் செய்யும். பிந்திய படிகளை வெகு சிலவே செய்யும். இவை இல்லாதபோது வேலை நடுவில் நின்றுவிடும். வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான பொருள். அமெரிக்கக் குடிநீர் விதியில் லிட்டருக்கு டிரைகுளோரோ எதிலீன் 5 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. வினைல் குளோரைடுக்கோ 2 மட்டுமே. எனவே, ‘டிரைகுளோரோ எதிலீன் இல்லை’ என்னும் ஆய்வறிக்கையை மட்டும் நம்பிக் கிணற்றைத் திறந்துவிடுதல் பெருந்தவறாகும்.

நம் நாட்டில் போபால் இதற்கு இனமான உதாரணம். பூச்சிமருந்துத் தொழிற்சாலையை அடுத்த நிலத்தடி நீரில் கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோபாரமும் இருந்ததை 1999-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. பாதிக்கப்பட்ட குடியிருப்புகளுக்கு நல்ல நீர் வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. முன்னதிலிருந்து நுண்ணுயிர்கள் பின்னதை ஆக்கக்கூடும். ஆயினும் தொழிற்சாலையிலேயே இரண்டும் பயன்பட்டமையால், குளோரோபாரத்தைக் கண்ட மாத்திரத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என முடிவு செய்தல் ஆகாது. மேலும், குளோரோபாரம் டிஹாலோகாக்காய்டிஸின் செயலைத் தடுக்கும்.

ஆகவே களப்பணியாளர் மூலப்பொருளோடு இடைப்பொருள்கள் யாவற்றையும், எதிலீனையும், நீரில் கரைந்த பிராணவாயுவையும் சேர்த்தே அளக்கவேண்டும். மாதிரிக் குப்பியைக் காற்றுக்குமிழி ஒன்றும் இராதபடி விளிம்புவரை நிரப்பி மூடுக. வினைல் குளோரைடு விரைவில் ஆவியாவதால், குமிழி இருப்பின் அதற்குள் சென்றுவிடும். ஆய்வுச்சாலையில் நீர் தூயதெனவே தோன்றும்.