திரவப் பளிங்குத் திரையும் மின்வாய் அமைப்பும்

கணிப்பான், கைக்கடிகாரம், வீட்டு மின்மானி ஆகியவற்றின் முகத்தில் இலக்கங்களைக் காட்டுவது திரவப் பளிங்கு. பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் கடலுக்குச் செல்வோரின் இடங்காட்டுங் கருவிகளிலும் அதனைக் காணலாம். திரவம்போல் ஓடியும் பளிங்குபோல் ஒழுங்குற்றும் இருக்கும் இப்பொருளின் இயல்பை 1888ஆம் ஆண்டில் றைனிற்சர் என்னும் தாவரவியலறிஞர் முதன்முதல் எடுத்துரைத்தார். அது தானாக ஒளி வீசுவதில்லை. மின்னழுத்தத்தின் ஏவலுக்கிணங்க ஒளிக்கு வழிவிடும் அல்லது வழியடைக்கும். அவ்வேவலை ஒவ்வொரு புள்ளிக்கும் கொண்டுசெல்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சில மைக்குரோமீற்றர் இடைவெளியுள்ள இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே பளிங்கு அடைக்கப்பட்டிருக்கும். தகடுகளின் உட்புறத்தில், இந்தியம், வெள்ளீயம் ஆகியவற்றின் ஒட்சைட்டாலான ஒளிபுகும் படலம் மின்வாயாக அமையும். நேரோட்ட அழுத்தம் நீடித்தால் பளிங்கு இரசாயன மாற்றமுற்றுக் கெடும். ஆதலின் ஆடலோட்ட அழுத்தமே கொடுக்கப்படும். ஓர் இலக்கத்திற்கு 7 துண்டுகள் வேண்டும். நான்கு இலக்கங்களுக்கு 28 கம்பிகளும் பொதுக்கம்பி ஒன்றும் போதும். ஆனால், 100 நிரையும் 100 நிரலுமுடைய படத்திற்கு இம்முறையில் 10,001 கம்பிகள் வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாது.

இதற்குத் தீர்வு, நம் பெண்டிர் பனையோலைப் பாய் இழைக்கும் முறையை ஒத்தது. ஒரு தகட்டில் நிரைகளும் மற்றதில் நிரல்களும் குறுக்கே செல்லும். குறுக்கிடும் இடமே புள்ளி. இப்போது 200 கம்பிகள் போதும். நிரைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்து, நிரல்களில் வேண்டிய அழுத்தத்தை இடுவர். ஆயினும், நிரலின் அழுத்தம் தெரியப்படாத புள்ளிகளையும் தாக்கும். பளிங்கோ, ஒரு சுற்றில் தான் பெற்ற அழுத்தங்களின் வர்க்கச் சராசரியின் மூலத்திற்கே இணங்கும். எனவே, நிரைகள் பெருகப் பெருக, ஏவிய புள்ளிக்கும் ஏவாத புள்ளிக்கும் உள்ள வேறுபாடு குறையும். 1974இல் ஆல்ற், பிளெஷ்கோ ஆகிய இருவர் இதன் எல்லையைக் கணித்தனர். அவ்விரு அழுத்தங்களின் விகிதம் 4 நிரைகளுக்கு 1.73 வரையும், 16க்கு 1.29 வரையும், 100க்கு 1.11 வரையுமே செல்லும். படம் மங்குவதன் காரணம் இதுவே.

இவ்விடத்தில் பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தின் பணி குறிப்பிடத்தக்கது. எஸ். சந்திரசேகர் 1971இல் அங்கே திரவப் பளிங்கு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். அந்நிலையத்தைச் சேர்ந்த ரி. என். ருக்மாங்கதன் 1980களில் பல நிரைகளை ஒருங்கே தெரியும் முறைகளை வகுத்தார். ஒன்றுக்கொன்று செங்குத்தான காவிகளின் எண்ணிப்பெருக்கம் பூச்சியமாகும் அல்லவா? அவ்வாறே நிரைகளின் அழுத்தத் தொடர்களை அமைத்தால், அவை ஒருங்கே செலுத்தப்படினும் ஒன்றன் விளைவை மற்றது கலக்காது. நிரலின் அழுத்தம், வேண்டிய படத்திலிருந்து கணிக்கப்படும். இம்முறை மேற்கூறிய எல்லையைக் கடப்பதன்று; அவ்வெல்லையைக் குறைந்த வழங்கல் அழுத்தத்தில் எய்துவது.

எல்லையையே விலக்கும் வழி வேறு. புள்ளிதோறும் மென்படலத் திரான்சிற்றர் ஒன்றை ஆளியாக வைத்தால், அடுத்த முறை வரும்வரை ஏற்றம் அங்கேயே தங்கும். இதற்குகந்த உருவிலிச் சிலிக்கன் திரான்சிற்றரை 1979இல் தண்டீப் பல்கலைக்கழகத்தினர் அறிவித்தனர். தொலைக்காட்சித் திரைகள் இதனாற் பெருகின. எனினும், மலிவும் சிறு மின்செலவும் வேண்டும் கணிப்பானுக்கும் மின்மானிக்கும் சில நிரை முறையே இன்றும் ஏற்றது.

கம்பிகளின் வைப்பும் கணக்கும் மாறியதனாலேயே சில இலக்கங்களைக் காட்டிய பொருள் முழுப்படத்தையும் காட்டலாயிற்று. உயர்தர வகுப்பில் நாம் கற்கும் காவிக் கணிதம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவர் இதனால் உணர்வாராக.