கடமான் வேட்டை ஆயத்தம் (நீலகிரி, இலங்கை)

கடமான் வேட்டை ஆயத்தம் என்பது, பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நீலகிரி மலைகளிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் கடமான் வேட்டைக்குச் சென்றவர்கள் புறப்படும் முன்னர் தம் துப்பாக்கிகளையும் பிற கருவிகளையும் சீர்செய்துகொண்ட முறைகளைக் குறிக்கும். இலங்கையிலும், தொடக்க காலத்தில் தென்னிந்தியாவிலும் ஆங்கிலேயர் இதனை 'எல்க் வேட்டை' என்று எழுதினர். இவ்வாயத்தம் பெரும்பாலும் ஈரம், துரு, குறி ஆகிய மூன்றையும் பற்றியது. ஆயத்தம் பிழைத்தால் வேட்டைக்காரனுக்கு ஏமாற்றம் மட்டுமே. மானுக்கோ காயத்தோடு சோலைக்குள் புகுந்து பல நாள் துன்புற்று இறக்கும் நிலை.

பெயர்

ஐரோப்பாவில் எல்க் என்பது மான் இனங்களிலேயே மிகப் பெரியதைக் குறிக்கும். வட அமெரிக்கர் அதே விலங்கை மூஸ் என்பர். அவர்கள் எல்க் என்று அழைப்பது வாப்பிட்டி எனப்படும் வேறோர் இனத்தை. இவ்விரண்டில் எதுவும் தெற்காசியாவில் இல்லை. இலங்கைக்கும் நீலகிரிக்கும் வந்த ஆங்கிலேயர், தாம் கண்டவற்றுள் பெரிய மானுக்குத் தாம் அறிந்த பெரிய மானின் பெயரைச் சூட்டிவிட்டனர். அவர்கள் சுட்டது ரூசா யூனிகலர் என்னும் விலங்கியற் பெயர் கொண்ட கடமான். இதனைத் தென் மாவட்டங்களில் மிளா என்றும், இலங்கைத் தமிழில் மரை என்றும் அழைப்பர். வடநாட்டுப் பெயரான சாம்பார் என்பதும் வழக்கில் உண்டு. (இதற்கும் குழம்புக்கும் தொடர்பில்லை.) பழைய ஆங்கில வேட்டை நூல்களைத் தமிழில் எடுத்தாள்வோர் எல்க் என்பதை அப்படியே பெயர்த்தால், நுவரெலியாவில் இல்லாத விலங்கொன்று அங்கே உலாவத் தொடங்கிவிடும்.

விலங்கும் நிலமும்

வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டது. பகலில் சோலைக்காடுகளின் இருளில் படுத்திருந்து, அந்தியிலும் விடியலிலும் புல்வெளி ஓரங்களுக்கு மேய வரும். ஆகவே சுடுவதற்கான நேரம் வெளிச்சம் குறைந்த சில நிமிடங்களே. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரமுடையது. நுவரெலியா நகர் ஏறத்தாழ 1870 மீட்டரில் உள்ளது. இரண்டு இடங்களிலும் மூடுபனியும் தூறலும் அடிக்கடி வரும். டிசம்பர், சனவரி மாதங்களில் நீலகிரியில் உறைபனியும் விழும். சமவெளியின் வெயிலில் ஒழுங்காக இயங்கிய துப்பாக்கி இங்கே ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

துப்பாக்கி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பயன்பட்டவை வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் துப்பாக்கிகள். குழலுக்குள் அளந்த கருமருந்து, அதன்மேல் துணியில் பொதிந்த ஈயக் குண்டு, வெளியே முளைக்காம்பின் மீது சிறு செப்புக் கேப்பு. குதிரை விழுந்து கேப்பைத் தட்டினால் தீப்பொறி உள்ளே சென்று மருந்து பற்றும். இவற்றில் எந்த ஒன்று நனைந்தாலும் 'டிக்' என்ற ஓசையோடு வேட்டை முடிந்துவிடும்.

ஆகவே நிரப்புவதற்கு முன் வெறுங்குழலில் ஒரு கேப்பை வெடிப்பது வழக்கம். முளைக்காம்பில் தங்கிய எண்ணெயும் ஈரமும் அதனால் எரிந்து நீங்கும். அடுத்தது இடிகோலில் குறி வைப்பது. வெறுங்குழலுக்குள் கோலை விட்டு ஒரு கோடும், சரியாக நிரப்பிய பின் விட்டு மற்றொரு கோடும் கீறிக்கொள்வர். பின்னர் எப்போது ஐயம் எழுந்தாலும் கோலை விட்டுப் பார்த்தால் போதும். குழல் வெறுமையா, ஒருமுறை நிரப்பியதா, அல்லது மறதியால் இருமுறை நிரப்பியதா என்பது தெரிந்துவிடும். இரண்டு கீறல்கள்தாம் என்றாலும், இருமுறை நிரப்பிய குழல் வெடித்துக் கையை இழப்பதிலிருந்து காப்பவை அவையே.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இன்னோர் இடர் உண்டு. ஒரு குழலைச் சுடும்போது ஏற்படும் உதைப்பில் மறு குழலின் குண்டு முன்னோக்கி நகரக்கூடும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் ஏற்பட்ட நிலையில் சுட்டால் குழல் பிளக்கலாம். எனவே முதல் வெடிக்குப் பின் மறு குழலின் குண்டைக் கோலால் அழுத்திச் சரிபார்த்த பிறகே அதனைச் சுட வேண்டும். காயப்பட்ட மான் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்குப் பொறுமை இருந்தவர் எத்தனை பேர் என்பது வேறு செய்தி.

எடையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டிய ஒன்று. இலங்கையில் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கரிடம், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்பவர் 1840இல் செய்த ஒரு துப்பாக்கி இருந்தது. அதன் எடை 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.5 கிலோகிராம். ஒரு முறைக்கு ஏறத்தாழ 28 கிராம் மருந்து விழுங்கும். யானைக்காகச் செய்த இத்தகைய கருவியைச் சுமந்துகொண்டு மலைச்சரிவில் மானைத் தொடர இயலாது.

நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்தன. நனையும் தொல்லை பெரிதும் குறைந்தது. 1907ஆம் ஆண்டில் வேறொரு சிக்கல் எழுந்தது. படைத்துறையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் தோட்டாக்களோடு தொடர்புடையது என்பதால், .450 விட்டக் குழல் கொண்டவற்றை இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவர அரசு தடை விதித்தது. கிளர்ச்சியாளர் கையில் தோட்டா சேர்ந்துவிடும் என்ற அச்சமே காரணம். இலண்டன் துப்பாக்கிக் கம்மியர்கள் .465, .470 போன்ற புதிய அளவுகளைக் கொண்டுவந்தது இதனால்தான். படைத்துறை அளவான .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதன் தொடர்ச்சியாகவே, இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் .315 ரைபிள் இந்தியாவில் பரவியது.

குறி சரிபார்த்தல்

ஆயத்தத்தின் மையம் இதுவே. குழலை விட்டு வெளியேறிய நொடியிலிருந்தே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடினும், நொடிக்கு 400 மீட்டர் வேகமுள்ள குண்டு 100 மீட்டரைக் கடக்கக் கால் நொடி ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். பிற்காலப் புகையில்லா மருந்தின் 700 மீட்டர் வேகத்தில் இதே விழுச்சி 10 சென்டிமீட்டரே. மானின் முன்தோளுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி பெரியதன்று. 31 சென்டிமீட்டர் பிழை என்பது அப்பகுதிக்கும் முன்னங்காலுக்கும் உள்ள வேறுபாடு. காலில் பட்ட மான் மூன்று காலில் ஓடிச் சோலைக்குள் மறைந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும், ஒவ்வொரு மருந்தளவுக்கும் தனித்தனியே இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்துக் குறிமுள்ளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, எண்ணெய் தடவிய குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதற்குண்டு, பின்னர் வருபவற்றோடு ஒரே இடத்தில் பாயாது. வேட்டையில் பயன்படுவதோ பெரும்பாலும் அந்த முதற்குண்டு மட்டுமே. எனவே புறப்படும் காலையில் உலர்ந்த துணியால் குழலின் எண்ணெயை முற்றிலும் துடைத்தெடுப்பர்.

இரண்டாவது, சரிவு. முகட்டின் மேல் நின்று பள்ளத்தில் மேயும் மானைச் சுடும்போது, புவியீர்ப்பு குண்டின் பாதையைக் கிடைத்தொலைவுக்கு ஏற்பவே வளைக்கிறது. 30 பாகைச் சரிவில் கண்ணுக்குத் தெரியும் தொலைவு 200 மீட்டர் என்றால், கணக்கில் கொள்ள வேண்டியது ஏறத்தாழ 173 மீட்டரே. இதனை அறியாதவர் மானின் முதுகுக்கு மேலே சுட்டுவிடுவர். மேல்நோக்கிச் சுடும்போதும் இதே பிழைதான் நேரும், எதிர்ப்பிழை அன்று.

ஈரமும் துருவும்

கருமருந்து எரிந்தபின் தங்கும் கரி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மலைக்காற்றில் ஒரே இரவில் குழலின் உட்புறம் துருப்பிடிக்கும். எனவே சுட்ட அன்றே, எவ்வளவு களைப்பாயினும், கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலரத் துடைத்து, எண்ணெய் இட வேண்டும். அக்காலத்தில் இதற்குப் பெயர்பெற்றது ரங்கூன் எண்ணெய். புகையில்லா மருந்து வந்தபின்னும் கொதிநீர் தேவைப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தோட்டாவின் அடிக்கேப்பில் இருந்த வேதிப்பொருள் உப்பு போன்ற படிவை விட்டுச்சென்றது. அது எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும்.

குளிர்ந்த துப்பாக்கியை நேராகக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உலோகம் முழுவதும் வியர்க்கும். மழைக்காகக் குழலின் வாயைத் தக்கையால் அடைப்பதும் உண்டு. அதனை எடுக்க மறந்து சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும் என்பதால், தக்கைக்குப் பதில் மெல்லிய துணி கட்டுவதே பாதுகாப்பானது.

நாயும் கத்தியும்

நுவரெலியா மலைகளில் பேக்கர் மரையைத் துப்பாக்கியால் வேட்டையாடவில்லை. அடர்ந்த காட்டில் குறி கிடைப்பது அரிது. சுட்டால் நாய்க்கும் படலாம். எனவே வேட்டை நாய்க் கூட்டத்தை ஏவி, மரை ஓடைக்குள் இறங்கி நாய்களை எதிர்த்து நிற்கும்போது கத்தியால் குத்துவதே அவர் முறை. இலண்டன் பிக்காடிலியில் பேஜட் என்பவர் செய்த அவரது கத்தியின் அலகு ஓரடி நீளமும், அகன்ற இடத்தில் இரண்டு அங்குல அகலமும் கொண்டது. மொத்த எடை 3 பவுண்டு. இங்கே ஆயத்தம் என்பது நாய்களைப் பழக்குவதும் கத்தியைத் தீட்டுவதுமே. மரையின் கொம்பிலும் குளம்பிலும் பட்டு இறந்த நாய்கள் பல. இம்முறையே நேர்மையான வேட்டை என்று பேக்கர் கருதினார். நாய்களின் கருத்தை அறிய வழியில்லை.

பயணமும் சுமையும்

இருப்புப்பாதைக்கு முன் சென்னையிலிருந்து நீலகிரிக்குப் போவோர், படையினர் முகாம் இருந்த பூந்தமல்லி வழியே மேற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் பல நாட்கள் பயணம் செய்தனர். 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை, அம்பத்தூர், ஆவடி ஊர்களின் ஊடாகத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1873இல் பாதை மேட்டுப்பாளையத்தை எட்டியது. குன்னூருக்கு மலை இரயில் வந்தது 1899இல்தான். அதுவரை மேட்டுப்பாளையத்துக்கு மேல் எல்லாம் மட்டக்குதிரை முதுகிலும் மனிதர் தலையிலும் ஏறின.

பெட்டிகளில் சென்றவை: கூடாரம், கம்பளி, எண்ணெய்த் துணி, தகரத்தில் அடைத்த மருந்து, ஈயக் கட்டி, குண்டு வார்க்கும் அச்சு, தொலைநோக்கி. இலங்கையில் இவற்றோடு அட்டைக்கடிக்கான நெருக்க நெய்த காலுறையும் இன்றியமையாதது. சாதாரணக் காலுறையின் இழைகளுக்கிடையே அட்டை புகுந்துவிடும்.

சுமந்தவர்கள்

வேட்டை நூல்களில் துப்பாக்கிகளுக்குப் பெயர் உண்டு, நாய்களுக்குப் பெயர் உண்டு. சுமையாட்களுக்கும் தடம் பார்த்தவர்களுக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை. இரண்டாவது துப்பாக்கியை நிரப்பி, கேட்ட நொடியில் கையில் கொடுப்பவர் அஞ்சி ஓடாதவராக இருக்க வேண்டும். அவரைத் தேர்வதும் ஆயத்தத்தின் பகுதியாகவே கருதப்பட்டது. புல்லின் மீதுள்ள ஒரு துளிக் குருதியைக் கொண்டு காயப்பட்ட மானைப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தவர்களும் உள்ளூர் வேட்டையரே. சுட்டவரின் பிழையை அவர்களே முடித்துவைத்தனர்.

சட்டம்

கட்டுப்பாடற்ற வேட்டையால் விலங்குகள் அருகியதைக் கண்டு, 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமமும் வேட்டை தடைசெய்யப்பட்ட பருவங்களும் இவற்றோடு தொடங்கின. நோக்கம் வேட்டையை நிறுத்துவதன்று, வேட்டையாட விலங்கு எஞ்சியிருக்கச் செய்வதே. இலங்கையில் 1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் உரிம வேட்டைக்கு முடிவு கட்டின. 2008 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கடமானை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது.

வட அமெரிக்காவில் வாப்பிட்டி வேட்டை உரிமத்தின்கீழ் இன்றும் நடைபெறுகிறது. கொலராடோ மாநிலத்தில் ரைபிளோடு செல்வோர் ஒளிர் செம்மஞ்சள் அல்லது ஒளிர் இளஞ்சிவப்பு மேலாடை அணிவது கட்டாயம். நீலகிரியில் முக்குறுத்தி 1990இல் தேசியப் பூங்கா ஆனது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி 1988இல். அச்சமவெளியில் தாமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயர் தாங்கிய பழைய வேட்டை விடுதியான ஃபார் இன் இன்று பார்வையாளர் நிலையமாக உள்ளது. அதனைச் சுற்றியுள்ள புல்வெளியில் மரைகள் மனிதரைக் கண்டு விலகாமல் மேய்கின்றன. பயணிகள் எறியும் பாலித்தீன் பைகளைத் தின்று அவை இறந்ததால், பூங்காவுக்குள் அவற்றைக் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டுள்ளது.