கணக்கைச் சுமக்கும் ஹார்டு டிஸ்க்: பார்த்து வாங்குவோம், பத்திரமாய்க் காப்போம்



மாட்டுத்தாவணியில் காய்கனிக்கும் பூவுக்கும் நெல்லுக்கும் இன்று சிட்டையும் பேரேடும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் வைத்திருக்கும் பாக்கி முழுவதும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. மூட்டை நனைந்தால் மறு லோடு வரும். பாக்கிக் கணக்கு அழிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு இருக்க வேண்டும். 2024-25 கணக்குக்குக் கடைசித் தேதி 31.12.2025 என்றால், அதை 2031 டிசம்பர் முடியக் காக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர், விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் திரும்ப எடுக்கும்படி நகல் வைக்க வேண்டும் என்கிறது 57-ஆம் விதி.

வாங்கும்போது முதலில் அளவு. 4 டெராபைட் டிஸ்க்கை மாட்டினால் கம்ப்யூட்டர் 3.63 என்று காட்டும். இது எடைக் குறைவு அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. படி வேறு, சரக்கு ஒன்றுதான்.

அடுத்து ரகம். சில டிஸ்க்குகளில் எழுதும் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்குவதுபோல, இதில் பழையதைத் திருத்தி எழுத நேரம் பிடிக்கும். ஓரம்கட்டி வைக்கும் நகலுக்கு இது போதும். நாள் முழுதும் பில் போடும் கம்ப்யூட்டருக்கு சி.எம்.ஆர். ரகமே ஏற்றது. சில தயாரிப்பாளர்கள் எஸ்.எம்.ஆர். என்று சொல்லாமலே விற்றது 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே மாடல் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து வாங்குக.

அட்டையில் 'ஆயுள் 10 லட்சம் மணி' என்று கண்டு மயங்க வேண்டாம். ஆண்டுக்கு 8,760 மணிதான். அப்படியானால் 114 ஆண்டு உழைக்குமா? இல்லை. ஆயிரம் டிஸ்க் ஓராண்டு ஓடினால் ஏறத்தாழ 9 பழுதாகும் என்பதே அதன் பொருள். அந்த ஒன்பதில் ஒன்று நம் கடைக்கும் வரலாம். ஐந்தாண்டு வாரண்டி என்றாலும் புது டிஸ்க்தான் தருவார்கள். கணக்கைத் தர மாட்டார்கள்.

பெரிய மண்டிகளில் இரண்டு டிஸ்க்கை ஜோடி சேர்த்து ஒரே கணக்கை இரண்டிலும் எழுத வைப்பது நல்லது. இதற்கு ரெய்டு 1 என்று பெயர். இந்த ஜோடிக்கு சாதாரண டிஸ்க் ஆகாது. எழுத்து படிக்க முடியாத இடத்தில் அது வெகுநேரம் முயன்றுகொண்டே நிற்கும். டிஸ்க் செத்துவிட்டதென்று ரெய்டு அதைத் தள்ளிவிடும். சர்வருக்கென்றே செய்த டிஸ்க் சில விநாடிகளில் விட்டுவிட்டு அடுத்த பிரதியிலிருந்து படிக்கும்.

பராமரிப்பும் உண்டு. யு.பி.எஸ். இல்லாமல் சர்வரை ஓட்டாதீர். மின்சாரம் பட்டென்று போனால் எழுதிக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நிற்கும். பெட்டியை மூட்டைத் தூசியிலிருந்து விலக்கிக் காற்றோட்டமாக வையுங்கள். மாதம் ஒருமுறை 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதான இடங்களின் எண்ணிக்கை மாதாமாதம் ஏறினால் டிஸ்க்கை உடனே மாற்றிவிடுக.

ஜோடி டிஸ்க் இருப்பதாலேயே நகல் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கணக்குப்பிள்ளை தவறி ஒன்றை அழித்தால் இரண்டிலும் அழியும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இதற்கெல்லாம் மருந்து, கழற்றி வைத்த தனி நகல்தான்.

அந்த நகலும் கடையில் இருக்கலாகாது. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபக் கடைகளில் பற்றிய தீயை மதுரைக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டோம். தீ கல்லாவையும் நகலையும் பிரித்துப் பார்க்காது.

ஆகவே கணக்குக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டிலோ வேறு ஊரிலோ. வாரம் ஒருமுறை நகலெடுத்தால் போதாது. அன்றாடம் கடை அடைக்குமுன் எடுக்க வேண்டும். மாதம் ஒருநாள் அந்த நகலைத் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கியாவது சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறக்காத நகலை நம்பி மண்டி நடத்த முடியாது.